போட்டோவில் இல்லாத பரிசல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆகிறது. பேத்தி விட்டுப்போன வாட்டர்கலர் பெட்டியை வைத்து விளையாட்டாக ஆரம்பித்தேன். இப்போது தினமும் வரைகிறேன். போன ஜனவரியில் நானும் மனைவியும் ஹம்பி போய்வந்தோம். போனில் நானூறு படம் இருக்கிறது, அவற்றைப் பார்த்துத்தான் வரைகிறேன்.

துங்கபத்ராவில் பரிசலில் போனதை மறக்கவே முடியாது. நடு ஆற்றில் பரிசல்காரர் தட்டாமாலை சுற்றவிட்டார். இவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முதலில் கத்தினாள், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. தண்ணீரில் விழுந்துவிடும் என்று பயந்து போனைப் பையில் போட்டு வைத்திருந்தேன்.

நான் வரைந்த படத்தைப் பார்ப்பவர்கள் ‘அப்படியே போட்டோ மாதிரி இருக்கு’ என்கிறார்கள். எனக்கோ அதைப் பார்த்தால் ஹம்பி ஞாபகமே வருவதில்லை. ‘போட்டோதான் இருக்கே, இதை எதுக்கு மறுபடி வரையணும்?’ என்கிறாள் மனைவி. வகுப்பில் சேர்ந்து முறையாகக் கற்றால் சரியாகுமா? ஒரு படம் இணைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாமே,
பாளையங்கோட்டை

*

அன்புள்ள நண்பருக்கு,

வகுப்பைப் பற்றி அப்புறம் பேசலாம். உங்கள் வீட்டில் கேட்டதுதான் சரியான கேள்வி.

ஆறு, உருண்டைப் பாறைகள், பின்னால் குன்று. கை நன்றாகவே பழகியிருக்கிறது. நான் பரிசலைத் தேடினேன். வலது மூலையில் சாந்துப்பொட்டு அளவுக்கு ஒன்று கிடந்தது. கடிதத்தில் நீங்கள் ரசித்து ரசித்து எழுதிய பரிசல் அது! கரையிலிருந்து எடுத்த போட்டோவில் அது அவ்வளவுதான் இருந்திருக்கும், நீங்களும் அந்த அளவிலேயே வைத்துவிட்டீர்கள்.

போனை நம்பி வரைவதில் வேறு சங்கடங்களும் உண்டு. அகலமான லென்ஸ் என்பதால் காலடிப் பாறையை ஊதிப் பெரிதாக்கி, மதங்க மலையை மண்மேடாக்கிவிடும். வெயிலில் எடுத்தால் நிழலெல்லாம் கறுப்பாக விழும். நேரில் அந்தப் பாறை நிழலில் கறுப்பு எங்கே இருந்தது? நீலமும் ஊதாவும், அடியில் தரையிலிருந்து எகிறி வரும் செம்பழுப்பு வெளிச்சமும்தான். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா செம்பழுப்பையும் கலந்து பாருங்கள், நல்ல சாம்பல் நிறம் வரும். கறுப்பு டியூபை மூடியே வைக்கலாம். பெயின்ட் சாதாரணமானது போதும். காசைத் தாளில் போடுங்கள், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள கெட்டித் தாள்.

சரி, நினைவிலிருந்து வரைந்தால் தப்பு வராதா? வரும். நானும் ஹம்பியை வரைந்திருக்கிறேன். ஹேமகூட மலையில் உட்கார்ந்து பார்த்த சாயங்காலம் அது. விருபாட்சர் கோவில் கோபுரத்தின் முகம் முழுக்க மஞ்சள் வெயிலைப் பூசி, மிகுந்த திருப்தியோடு சட்டம் போட்டு மாட்டினேன். ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது: அது கிழக்கு பார்த்த கோபுரம். சாயங்காலம் அதன் முகத்தில் வெயில் எப்படி விழும்? அன்று காலையில் கடைவீதியிலிருந்து பார்த்த வெயிலை மனசு கொண்டுவந்து சாயங்காலத்தில் ஒட்டியிருக்கிறது. போட்டோவைப் பார்த்து வரைந்திருந்தால் வெயில் சரியாக விழுந்திருக்கும். காலையில் அந்த வீதியில் நான் வாய்பிளந்து நின்றது மட்டும் படத்துக்குள் வந்திருக்காது. படத்தைத் திருத்தவில்லை, இன்னும் அப்படியேதான் தொங்குகிறது.

உங்கள் ஊர்ப் பக்கம் வந்துபோன ஆங்கிலேய ஓவியர்கள் இருவரைச் சொல்கிறேன். தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம். 1786-இல் கல்கத்தாவில் இறங்கி, வடக்கே இமயமலை அடிவாரம் வரை போய், 1792-இல் தெற்கே வந்து பாபநாசம் அருவியையும் வரைந்தார்கள். எதிரே இருக்கும் காட்சியைத் தாளில் விழவைக்கும் கேமரா அப்ஸ்க்யூரா என்ற பெட்டியை வைத்துக்கொண்டு கட்டடங்களின் கோடுகளைப் பிசகாமல் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் காலத்துப் போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 144 படங்களாக அவற்றை அச்சில் கொண்டுவந்தது லண்டன் திரும்பிய பிறகு, 1795 முதல் 1808 வரை. லண்டன் குளிரில் உட்கார்ந்துகொண்டு திருநெல்வேலிச் சீமை அருவியைப் பல வருடம் கழித்து மறுபடி விழவைத்திருக்கிறார்கள். கோடுகளைப் பெட்டி பார்த்துக்கொண்டது. தண்ணீர் இரைச்சலுக்கு அவர்களே பொறுப்பு.

நீங்களும் அப்படியே வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். முதல் நாள் போனைத் தொடாதீர்கள். போஸ்ட்கார்டு அளவில், பென்சிலில், ஞாபகத்துக்கு வருவதை மட்டும் கிறுக்குங்கள். வராத இடத்தைக் காலியாக விடுங்கள். ஓரத்தில் இரண்டு வரி எழுதிவையுங்கள்: வெயில் எந்தப் பக்கம், என்ன சத்தம், பரிசலின் அடியில் தார் வாசனை அடித்ததா. இரண்டு மூன்று நாள் போகட்டும். பிறகு போனைத் திறந்து, கோபுரத்துக்கு எத்தனை நிலை, மண்டபத்துக்கு எத்தனை தூண் என்று சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொண்டு மூடிவிடுங்கள்.

முதலில் அந்தப் பரிசலை வரையுங்கள். அதற்குப் போட்டோ கிடையாது என்பதால் வீட்டில் அந்தக் கேள்வியும் எழாது. கரையிலிருந்து பார்த்தபடி வேண்டாம், உள்ளே உட்கார்ந்து பார்த்தபடி. சுற்றும்போது பாறையும் குன்றும் எப்படித் தெரிந்தன? பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே தண்ணீர்ப் பிரஷால் ஓர் இழு இழுத்தால் அந்தக் கிறுகிறுப்பு வந்துவிடும், கொஞ்சம் தாள் வீணாகும். உங்கள் மனைவி அன்று என்ன நிறப் புடவை கட்டியிருந்தார்கள் என்று போனைப் பார்க்காமல் சொல்லுங்கள் பார்ப்போம். தெரியவில்லை என்றால் அவர்களிடமே கேளுங்கள். ‘நானா கத்தினேன்? நீங்கதான் கத்தினீங்க’ என்று பதில் வரவும் வாய்ப்பிருக்கிறது. இரண்டு பேர் சொல்வதையும் வரையத் தாளில் இடம் விட்டுவையுங்கள்.

வகுப்பில் சேருங்கள், நல்லதுதான். பரிசலை வரைந்து முடித்துவிட்டுச் சேருங்கள்.

அன்புடன்.