வாய்ப்புண்ணில் தொடங்கிய கொப்புளம்: பேத்திக்கு ஒட்டிக்கொள்ளுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 51 வயது. ஏழு மாதம் முன்பு வாயில் புண் வந்தது. சூடு என்று நினைத்து மணத்தக்காளிக் கீரையும் பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும் கொடுத்தோம். ஆறவில்லை. இரண்டு மாதமாக மார்பிலும் முதுகிலும் தண்ணீர்க் கொப்புளங்கள். இப்போது 'பெம்பிகஸ் வல்காரிஸ்' என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் டெஸ்மோக்ளீன் 3, டெஸ்மோக்ளீன் 1 இரண்டுக்கும் பாசிட்டிவ். டெஸ்மோக்ளீன் என்றால் என்ன? மூன்று வயது மகளை அம்மாவிடம் விடலாமா? தெரிந்தவர் ஒருவர், 48 நாளில் குணப்படுத்தும் வைத்தியரிடம் அழைத்துப் போகிறேன், அதற்கு முன் ஸ்டீராய்டை நிறுத்திவிடுங்கள் என்கிறார். என்ன செய்வது?
— வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: முதலில் குழந்தை. தாராளமாக விடுங்கள். பாட்டி மடியில் உட்காரலாம், ஒரே பாயில் தூங்கலாம். இது அம்மை இல்லை, அக்கியும் இல்லை. கிருமியால் வரும் நோயே இல்லை என்பதால் ஒட்டாது. தட்டு, டம்ளர், துண்டு எல்லாவற்றையும் தனியாக வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இந்த நோயில் புண்ணின் வலியைவிட அந்தத் தனித் தட்டுதான் பல அம்மாக்களை அழ வைக்கிறது. இன்றே எடுத்துவிடுங்கள்.

சரி, டெஸ்மோக்ளீன். ரவிக்கையில் வைக்கும் டிச் பட்டனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதி இந்தப் பக்கம், மறு பாதி அந்தப் பக்கம், அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். நம் தோலிலும் வாயின் உள்சவ்விலும் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் இப்படித்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பட்டனில் உள்ள முக்கியமான புரதம் டெஸ்மோக்ளீன். நாம் குளிக்கும்போது அழுத்தித் தேய்த்தாலும் தோல் பிரியாமல் இருப்பது இதனால்தான்.

கிருமியோடு சண்டை போட வேண்டிய ஆன்டிபாடிகள், உங்கள் அம்மாவின் உடம்பில் இந்தப் பட்டனையே எதிரியாக எடுத்துக்கொண்டுவிட்டன. பட்டன் விட்டுப்போகிறது, செல்கள் பிரிகின்றன, நடுவில் நீர் கோக்கிறது. அதுதான் கொப்புளம். அதனால்தான் அது தொட்டாலே உடைகிறது. பக்கத்தில் நன்றாகத் தெரியும் தோலைக் கட்டைவிரலால் லேசாகத் தள்ளினால்கூட, ஆறிய பாலின் மேல் ஆடை நகர்வதுபோல வழுக்கிக்கொண்டு வரும். நீங்கள் தள்ளிப் பார்க்காதீர்கள், மருத்துவர் பார்த்திருப்பார்.

அப்புறம், ஏன் முதலில் வாய், ஐந்து மாதம் கழித்து உடம்பு? வாய்ச் சவ்வைப் பெரும்பாலும் தாங்குவது டெஸ்மோக்ளீன் 3. தோலில் 3, 1 இரண்டும் உண்டு. 3-ஐ மட்டும் தாக்கும்வரை தோலை 1 தாங்கிக்கொள்கிறது, வாய் மட்டும் புண்ணாகிறது. 1-ஐயும் தாக்கத் தொடங்கியதும் தோலும் கொப்புளிக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டும் பாசிட்டிவ் என்பதன் அர்த்தம் இதுதான். இந்த நோயாளிகளின் ரத்தத்தில் இப்படித் தன் தோலையே தாக்கும் ஆன்டிபாடி இருப்பதை 1964-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அது தாக்குவது செல்களை ஒட்டவைக்கும் புரதத்தை என்று 1991-இல் மரபணு அளவிலேயே காட்டிவிட்டார்கள். அப்படியிருந்தும் இன்றைக்கும் ஒரு நோயாளி பல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், வயிற்று மருத்துவர் என்று மாதக்கணக்கில் அலைகிறார். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணில் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. எடுப்பதில்லை, ஜெல் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இந்த நோய்க்கு இரண்டு துண்டு எடுக்க வேண்டும். எடுத்தாலும் இரண்டையும், சதை கெடாமல் வைக்கும் திரவமான பார்மலின் உள்ள ஒரே பாட்டிலில் போட்டுவிடுகிறார்கள். புண்ணுக்குப் பக்கத்து நல்ல தோலிலிருந்து எடுத்த இரண்டாவது துண்டைப் பார்மலினில் போடவே கூடாது, போட்டால் ஆன்டிபாடியைக் காட்டும் ஒளிரும் சாயப் பரிசோதனை பாழ். நோயாளி திரும்ப ஒருமுறை கத்தி வாங்க வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் இது மாறவில்லை.

'ஒட்டாது' என்றேன். அதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் இளம்பெண் யாருக்காவது பொருந்தலாம். இந்த நோய் உள்ள பெண் கர்ப்பமானால், அவளுடைய ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போக முடியும். பிறந்த குழந்தையின் தோலில் டெஸ்மோக்ளீன் 3, பெரியவர்களின் வாய்ச் சவ்வில் இருப்பதுபோலப் பரவி இருக்கும். அதனால் சில குழந்தைகள் கொப்புளத்தோடு பிறக்கும். பயப்பட வேண்டாம். அது தாயிடம் கடன் வாங்கிய ஆன்டிபாடி, குழந்தையின் உடம்பு அதைப் புதிதாகத் தயாரிப்பதில்லை. சில வாரங்களில் தீர்ந்துவிடும், கொப்புளமும் போய்விடும், குழந்தை நோயாளி ஆகாது. இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'ஒட்டாது என்றார்களே' என்று கேட்டு, பிரசவித்த பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிய குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பத்துக்கு முன்பே தோல் மருத்துவரிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் பேசுங்கள். சில மாத்திரைகளைக் கர்ப்பத்துக்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும்.

இனி அந்தத் தெரிந்தவர். போகாதீர்கள். முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அவர்கள் யாரும் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தச் சொல்லமாட்டார்கள். நான் சொல்வது, பெரிய மருத்துவமனை வாசல் டீக்கடையில் நின்றுகொண்டு, கையில் ஃபைலோடு வெளியே வருபவரிடம் பேச்சுக் கொடுப்பவர்களை. ஆள் அழைத்துவந்தால் அவர்களுக்குப் பங்கு உண்டு. பெயரில்லாத பொட்டலத்தில் வரும் அந்தப் பொடியில் பல நேரம் ஸ்டீராய்டு மாத்திரையைத்தான் பொடித்துக் கலந்திருப்பார்கள். நான்கே நாளில் புண் காயும், பசி அகோரமாக எடுக்கும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும். அளவு யாருக்கும் தெரியாது.

ஸ்டீராய்டை நிறுத்துவதுதான் இதில் மிக ஆபத்தானது. நம் உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டை அட்ரினல் சுரப்பி தானே சுரக்கும். சில வாரங்கள் அந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அது தன் வேலையை நிறுத்தி வைத்திருக்கும். மாத்திரையைச் சட்டென்று விட்டால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்லும் அளவில், படிப்படியாக மட்டுமே குறைக்க வேண்டும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் அதே மாத்திரையை மாதாமாதம் வாங்கித் தின்கிறார்கள், யாரும் கேட்பதில்லை. எலும்பு, சர்க்கரை, கண் பரிசோதனை எதுவும் இல்லாமல் வருடம் ஓடிவிடுகிறது.

ஒருமுறை ஒரு அம்மா வந்தார். அக்கி என்று நினைத்து முதுகு முழுவதும் காவி மண் எழுதியிருந்தார்கள். அன்போடு செய்த காரியம்தான். ஆனால் உரிந்த தோலில் மண் காய்ந்து, ஜாக்கெட்டும் ஒட்டிக்கொண்டு, அதைப் பிரிக்க உப்பு நீர் விட்டு ஊறவைத்து ஒன்றரை மணி நேரம் ஆனது. உங்கள் அம்மாவுக்கு முதுகில் துணி ஒட்டுகிறதென்றால், கழுவிச் சுத்தம் செய்த இளம் வாழை இலையை விரித்துப் படுக்க வையுங்கள். வார்டுகளில் நாங்களும் செய்வதுதான். புண்ணும் இலையும் ஒட்டாது, குளிர்ச்சியாகவும் இருக்கும். உள்ளே தோலின் மேல்பகுதியில் மட்டும் பிரிவு ஏற்படுவதால் பெரும்பாலும் தழும்பு விழாமல் ஆறும், கருமை மட்டும் சில மாதம் இருக்கும்.

சிகிச்சையைப் பொறுத்தவரை நம்பிக்கையோடு இருங்கள். ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1980-களில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா, மாதம் மூன்று நாள் டிரிப்பில் மருந்து ஏற்றும் 'பல்ஸ்' முறையைக் கொண்டுவந்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு வழி காட்டினார். இப்போது ரிட்டுக்ஸிமாப் ஊசி இருக்கிறது. ஆன்டிபாடி தயாரிக்கும் அணுக்களின் மூலத்தையே அது அடக்குகிறது. பிரான்ஸில் 2017-இல் வெளியான ஆய்வில், இந்த ஊசியோடு குறுகிய கால ஸ்டீராய்டு எடுத்த 46 பேரில் 41 பேர் இரண்டு வருடம் கழித்து மருந்தே இல்லாமல் கொப்புளமின்றி இருந்தார்கள். ஸ்டீராய்டு மட்டும் எடுத்த 44 பேரில் 15 பேர்தான் அப்படி இருந்தார்கள். உங்கள் மருத்துவரிடம் இந்த ஊசி பற்றிக் கேளுங்கள். போடுவதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம்.

அங்கேயும் இடைத்தரகர் வருவார். பாதி விலையில் வாங்கித் தருகிறேன் என்பார். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். பைக் பெட்டியில் வெயிலில் வந்த குப்பியை வெறும் கண்ணால் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பில், பேட்ச் எண் இல்லாமல் வாங்காதீர்கள். காப்பீட்டு ஒப்புதலுக்காக மேசை மேசையாக அலையவிடுவார்கள், தெரியும். ஒரு நோயாளி உரிந்த தோலோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கையெழுத்துக்கு மூன்று நாள் எடுப்பது எனக்கும் ஆத்திரமூட்டுகிறது. அந்த மூன்று நாளைத்தான் தரகர் விலைக்கு விற்கிறார்.

ரத்தத்தில் டெஸ்மோக்ளீன் ஆன்டிபாடியின் அளவை மாதாமாதம் பார்க்கச் சொல்லிப் பேக்கேஜ் விற்கும் லேப்களுக்கும் பணம் கொடுக்க வேண்டாம். வாய் முழுக்க ஆறிய பிறகும் டெஸ்மோக்ளீன் 3-க்கான அளவு உயர்ந்தே இருக்கலாம். எப்போது திரும்பப் பார்ப்பது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

இப்போதைக்குக் காரமும் முறுக்கு மாதிரிக் கடினமானதும் வேண்டாம். மோர்ச் சாதம், கஞ்சி, நன்றாக மசித்த பருப்பு போதும். காய்ச்சல் வந்தாலோ, புண்ணிலிருந்து நாற்றம் வந்தாலோ, தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை என்றாலோ திங்கட்கிழமை ஓ.பி.க்குக் காத்திருக்காதீர்கள். அன்றிரவே, சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.