ஆயா கேட்ட மோர்

"ஐயா, அப்பாவுக்கு 78 வயசு, அல்சைமர்னு டாக்டர் சொல்லிட்டார். பிரையான் பத்தி எங்கேயோ படிச்சிட்டு மருமக குழந்தையை அவர் மடியில விடவே பயப்படறா. இதுக்கு நடுவுல டாக்டருக்குப் படிச்ச சின்னவன் நியூராலஜி ஆராய்ச்சிக்குத்தான் போவேன்னு நிக்கிறான். இருபது வருஷம் ஒரே புரோட்டீனைப் பாத்துட்டு கடைசியில 'இது இல்ல'ன்னு சொன்னா வாழ்க்கையே வீண்தானே? நீங்க சொன்னா கேப்பான்."
- ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி,

முதல்ல குழந்தையைத் தூக்கி அப்பா மடியில வைங்க. இன்னிக்கே. தொட்டா, முத்தம் குடுத்தா, கூட உக்காந்து சாப்பிட்டா ஒட்டிக்கற வியாதி இல்ல அல்சைமர். பிரையான்னா கோணலா மடிஞ்சு, பக்கத்துல இருக்கற புரோட்டீனையும் கோணலாக்கிட்டுப் போற ஒரு புரோட்டீன். அல்சைமர்லயும் அந்த மாதிரி நடக்குதுன்னு சொல்றாங்க, ஆனா அது அவர் தலைக்குள்ள நடக்கற விஷயம். படிச்சவங்க வீட்டுல ஒரு பெரியவரை இப்படித் தள்ளி வெச்சிருக்கீங்களேன்னு எனக்குக் கோவம்தான் வந்துச்சு.

சின்னவன் போகட்டும், தடுக்காதீங்க. ஆனா 'இது இல்ல'ன்னு சொன்னா வீண்னு எழுதிருக்கீங்க பாருங்க, அதை என்னால விட முடியல. டிக்வா ஆல்ப்பர்னு ஒரு அம்மா, 1909-ல நம்ம தென்னாப்பிரிக்காவுல பொறந்தவங்க, பெர்லின் போய் லீஸ மைட்னர்ங்கற பெரிய விஞ்ஞானிகிட்ட வேலை கத்துக்கிட்ட பிசிக்ஸ்காரங்க. நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் பேசினதால 1951-ல வேலையை விட்டுட்டு லண்டன் போக வேண்டியதாச்சு. அங்க ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில, செம்மறி ஆட்டுக்கு வர்ற ஸ்க்ரேபி நோயைத் தொத்த வைக்கிற அந்தச் சரக்கு மேல அல்ட்ராவயலட் ஒளியைப் பாய்ச்சிப் பாத்தாங்க. வைரஸா இருந்தா உள்ள இருக்கற டிஎன்ஏவோ ஆர்என்ஏவோ சிதைஞ்சு செத்திருக்கணும், அது அசையவே இல்ல. அப்போ இது டிஎன்ஏ, ஆர்என்ஏ இல்லாமலே பெருகுதான்னு 1967-ல நேச்சர் பத்திரிகையில கேள்வியா எழுதினாங்க. அது என்னன்னு அவங்க கண்டுபிடிக்கல. என்னவா இருக்காதுன்னு காட்டினாங்க.

1972-ல சான் பிரான்சிஸ்கோவுல ஸ்டான்லி புரூசினர்னு ஒரு இளம் நியூராலஜி டாக்டர், ஸ்க்ரேபி மாதிரியே மனுஷங்களுக்கு வர்ற ஒரு நோயால கண்ணு முன்னாடியே ஞாபகம் கரைஞ்சு போற ஒரு பேஷண்டைப் பாத்துட்டு இதுல இறங்கினார். எலியில ஒவ்வொரு சோதனைக்கும் மாசக்கணக்கா காத்துக் கெடக்கணும்னு ஹாம்ஸ்டர்ங்கற குட்டிப் பிராணிக்கு மாறினார், நடுவுல பணம் நின்னுச்சு, நிரந்தர வேலையும் இல்லன்னாங்க, அப்புறம்தான் கிடைச்சுது. 1982-ல அந்தச் சரக்கு ஒரு புரோட்டீன்தான்னு சொல்லி பிரையான்னு பேர் வெச்சார், 1997-ல நோபல். தகுதியானவர்தான். ஆனா ஆல்ப்பர் அம்மா 'இது இல்ல'ன்னு கதவைச் சாத்தலன்னா அவர் இந்தப் பக்கம் திரும்பியிருப்பாரா? அந்தம்மா 1995-லயே போய்ச் சேந்துட்டாங்க. நம்ம குடும்பங்களை டர்பன்ல கேட்டோ மேனர்ங்கற இடத்துலேர்ந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்துல கொண்டு வந்து போட்ட அதே ஆட்சியை எதிர்த்த பொம்பள, அவங்க பேரை எந்தப் பிள்ளைக்கு நாம சொல்லிக் குடுத்தோம்?

என் ஆயாவும் அப்படிக் கிளம்பி வந்ததுதான். டர்பன் மார்க்கெட்டுல கீரை வித்துச்சு, இங்கிலீஷ், ஜூலு ரெண்டுலயும் பேரம் பேசும். மறதி வந்தப்ப முதல்ல இங்கிலீஷ் போச்சு, அப்புறம் ஜூலு, கடைசியில தமிழ் மட்டும் நின்னுச்சு. ஒரே புடவையை நாள் பூரா மடிக்கும், ஓரம் சேரலன்னு பிரிக்கும், திரும்ப மடிக்கும். வயசாச்சு அவ்வளவுதான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. 1988-ல ஆஸ்பத்திரியில கெடந்தப்ப "மோர், மோர்"னு கேட்டுச்சாம். இங்கிலீஷ்ல மோர்னா இன்னும் வேணும்னுதானே அர்த்தம், நர்ஸ் பாவம் தட்டுல கஞ்சியை மேல மேல ஊத்திருக்காங்க. நான் போறப்ப கஞ்சி ஆடை கட்டி, கட்டில் ஓரமெல்லாம் வழிஞ்சு கெடந்துச்சு, ஆயா தலையைத் திருப்பிக்கிட்டு அழுதுட்டிருந்துச்சு. அந்த மோர் இது இல்லன்னு சொல்ல அந்த வார்டுல ஒரு ஆள் இல்ல தம்பி.

உங்க அப்பாவுக்கும் இங்கிலீஷ் நழுவ ஆரம்பிச்சிருக்கலாம், கவனிச்சுப் பாருங்க. நான் யாருன்னு சொல்லுங்கன்னு அவரைப் பரீட்சை வைக்காதீங்க. சின்னவனுக்குத் தமிழ் தெரியாதுன்னா, அவன் எந்த லேபுக்குப் போறதுக்கும் முன்னாடி அப்பாகிட்ட உக்காந்து தண்ணி, மோர், வலி, குளிருது, வீட்டுக்குப் போலாம், இதையெல்லாம் இங்கிலீஷ் எழுத்துலயே எழுதி அர்த்தம் போட்டு கட்டில் தலைமாட்டுல ஒட்டச் சொல்லுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நானே மாரிட்ஸ்பர்க் வரேன். அப்பாகிட்ட பேசிட்டு விட்டுப்போன வார்த்தைங்களைச் சேக்கறேன்.