பிரமிடு காலம் ஏன் சரிந்தது? பழைய இராச்சியம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எகிப்தின் 'பழைய இராச்சியம்' எந்தக் காலம்? நூலுக்கு நூல் ஆண்டு மாறுகிறதே?

3-ஆம் வம்சம் முதல் 6-ஆம் வம்சம் வரை, தோராயமாக கி.மு. 2686 – 2181. தலைநகர் மெம்பிஸ். இவ்வளவு பழைய காலத்துக்குச் சில பத்தாண்டுகள் முன்பின் இருக்கத்தான் செய்யும். அரசர்களின் வரிசையைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது.

கேள்வி: மெம்பிஸ் அருகே தாஷூரில் ஒரு பிரமிடு பாதி உயரத்தில் மடங்கியிருக்கிறதே, ஏன்?

4-ஆம் வம்ச அரசர் ஸ்னெஃப்ரு கட்டியது. கீழே சாய்வு சுமார் 54 பாகை, மேலே 43. அடித்தளத்தில் கெட்டிப் பாறை இல்லை, சரளையும் களிமண்ணும்தான். பாரம் ஏற ஏறத் தரை அமுங்கி, உள்ளறைகளில் விரிசல் விழுந்தது. சுவர்களுக்கு முட்டுக் கொடுத்த தேவதாரு மரங்களை இன்றும் உள்ளே காணலாம். கீழ்வரிசைக் கற்களை உட்புறமாகச் சாய்த்து அடுக்கியது அழுத்தத்தைக் கூட்டியது. அதனால் மேற்பகுதியில் கற்களை மட்டமாக வைத்து, சாய்வையும் குறைத்தார்கள். அடுத்த செம்பிரமிடை 43 பாகைச் சாய்விலேயே சுமார் 105 மீட்டர் உயர்த்தினார்கள். அவர் மகன் கூஃபுவின் பிரமிடு கிசாவின் பாறைமீது 146 மீட்டருக்கு எழுந்தது.

கேள்வி: பிரமிடுகளைக் கட்டியவர்கள் அடிமைகளா?

அப்படிச் சொல்லச் சான்று இல்லை. செங்கடலோரம் வாடி அல்-ஜர்ஃபில் 2013-இல் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களில் மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு இருக்கிறது. சுமார் 40 பேர் கொண்ட அவருடைய குழு, துரா கல்குவாரியில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லைப் படகில் கிசாவுக்குக் கொண்டுவந்தது. பத்து நாளில் இரண்டு மூன்று நடை. கூலி தானியமாக வந்தது. ஆனால் அரசு கூப்பிட்டால் போயே தீர வேண்டும். விரும்பிச் செய்த வேலை என்றும் எண்ணிவிடக் கூடாது.

கேள்வி: 6-ஆம் வம்ச அரசர் இரண்டாம் பெப்பி 94 ஆண்டு ஆண்டதால்தான் அரசு சிதைந்ததா?

94 என்பது சுமார் 2,000 ஆண்டுகள் கழித்து மனெத்தோ என்ற எகிப்தியப் பூசாரி எழுதிய கணக்கு. அக்கால ஆவணங்கள் அறுபது சொச்சம் ஆண்டுகளுக்கே சான்று தருகின்றன. நீண்ட முதுமை ஆட்சி கேடு செய்திருக்கும். ஆனால் அரசின் பலம் கசிவது அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது என்பதே என் முடிவு. 5-ஆம் வம்சத்திலிருந்தே மாகாணத் தலைவர்கள் தங்கள் ஊரிலேயே வாழ்ந்து, அங்கேயே கல்லறை கட்டிக்கொண்டார்கள். பதவி தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. மறுபுறம், அரசர்கள் கோயில் சொத்துகளை இறையிலி (வரி இல்லாதவை) ஆக்கினார்கள். கோப்டோஸ் என்ற ஊரில் மின் என்ற தெய்வத்தின் கோயிலுக்குக் கிடைத்த அரசாணைகளைப் பாருங்கள்: அக்கோயில் ஆட்களை அரச வேலைக்குப் பிடிக்கக் கூடாது, வரியும் வாங்கக் கூடாது. ஒவ்வோர் ஆணையாலும் அரண்மனைக்கு அத்தனை தானியமும் அத்தனை கைகளும் குறைந்தன. பெப்பியின் பிரமிடு 52 மீட்டர்தான். உள்ளே சிறு கற்களும் சேறும். மேல்பூச்சுக் கற்களை உருவியதும் அது மேடாகச் சரிந்துவிட்டது.

கேள்வி: வறட்சிதான் உண்மையான காரணம் என்கிறார்களே?

கி.மு. 2200-ஐ ஒட்டி எத்தியோப்பிய மலைநாட்டில் மழை குன்றி, நைல் வெள்ளம் குறைந்ததற்கு வண்டல் படிவுகள் சான்று. கஜானா நிறைந்திருந்தால் அரசு அதைத் தாங்கியிருக்கும். தெற்கு எகிப்தின் மோஅல்லாவில் அன்க்திஃபி என்ற மாகாணத் தலைவன் தன் கல்லறையில், மேல் எகிப்தே (நாட்டின் தென்பகுதி) பசியால் செத்தது, பிள்ளைகளைத் தின்றார்கள், தன் மக்களை மட்டும் தானே காத்தேன் என்று பொறித்திருக்கிறான். தற்பெருமையைக் கழித்துவிட்டுப் படியுங்கள். தானியம் கொடுப்பவன் அவன்தான். அரசன் பெயர் அந்தக் கல்லறையில் ஒரே ஒரு சிறு வரியில்தான் வருகிறது.