தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டிக்குள்: வாட்டர் கூலிங் கேள்வி பதில்

இதுவரை நான்கு கம்ப்யூட்டர்களுக்குத் தண்ணீர்க் குழாய் இழுத்திருக்கிறேன். டேங்கிலிருந்து பம்ப் தள்ளும் தண்ணீர், சிப்பின் மேல் உட்காரும் ‘பிளாக்’ என்ற செம்புக் கட்டிக்குள் ஓடிச் சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் ஃபேன் காற்றில் விட்டுவிட்டுத் திரும்பும்; இந்தச் சுற்றுக்குத்தான் லூப் என்று பெயர். முதலாவது 2016-ல். கடைசியாகக் கட்டியது, அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பழைய இரும்புக் கேபினெட்டை அறுத்து, மேலே ஒன்று முன்னால் ஒன்று என இரண்டு 360 ரேடியேட்டர் (மூன்று 120 மில்லிமீட்டர் ஃபேன் நீளம்) வைத்தது. உள்ளே ஓடுகிற தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகம். தொழில் வேறு; இது என் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் இங்கே; ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் அவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சென்னையிலிருந்து: என் அறையில் ஏசி இல்லை. மே மாதம் கேம் ஆடினால் கிராபிக்ஸ் கார்டு 83 டிகிரி காட்டுகிறது. வாட்டர் கூலிங் போட்டால் 40-க்கு வருமா? அறைச் சூடும் குறையும்தானே?

அறைச் சூடு ஒரு டிகிரிகூடக் குறையாது. இந்த நினைப்பில் காசைப் போட்டுவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறவர்கள் நிறைய, அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் சூட்டை விழுங்காது. கார்டிடமிருந்து வாங்கிக்கொண்டுபோய் ரேடியேட்டரில் இறக்கிவைக்கும். ரேடியேட்டர் அதை உங்கள் முகத்தில்தான் ஊதும். கம்ப்யூட்டர் 500 வாட் இழுத்தால் அறைக்குள் 500 வாட் ஹீட்டர் எரிகிறது என்று அர்த்தம், எந்தக் கூலர் போட்டாலும்.

கார்டின் சூடு நிச்சயம் இறங்கும், ஆனால் 40-க்கு இல்லை. கணக்கு இப்படி: அறை 35 டிகிரி. ரேடியேட்டர் தாராளமாக இருந்தால் தண்ணீர் அதைவிட 10 டிகிரி மேலே, 45-ல் நிற்கும். சிப், தண்ணீரைவிட இன்னும் 12, 15 டிகிரி மேலே. ஆக 57 முதல் 60. அதையும் ஃபேன் இரைச்சல் இல்லாமல் பெறலாம். எனக்கு இந்த அமைதிதான் முக்கிய லாபம். டிகிரிக் கணக்கு அப்புறம்.

எவ்வளவு ரேடியேட்டர் வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். 100 வாட்டுக்கு ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் அளவு ரேடியேட்டர் என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. ஆர்டிஎக்ஸ் 4090 மாதிரி 450 வாட் கார்டு, அதோடு 120 வாட் பிராசஸர் என்றால் ஆறு ஃபேன், அதாவது இரண்டு 360. நம் ஊர் வெயிலுக்கு இதில் கஞ்சத்தனம் வேண்டாம். தண்ணீர் 60 டிகிரியைத் தொடவே கூடாது. லூப்பில் பலரும் போடுகிற டி5 வகைப் பம்ப்புகளுக்கு அதுதான் எல்லை.

ஈரப்பதம் அதிகமுள்ள ஊர். குழாயில் வியர்த்து போர்டில் சொட்டாதா?

சொட்டாது. குளிர்ந்த சொம்பு வியர்ப்பது அது காற்றைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால். லூப்பில் ஓடும் தண்ணீர் எப்போதும் அறையைவிடச் சூடு. ஐஸ் போட்டாலோ, தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வைத்தாலோதான் இந்தக் கவலை.

கோவையிலிருந்து: தண்ணீர் முதலில் போக வேண்டியது பிராசஸருக்கா, கார்டுக்கா? நடுவில் ஒரு ரேடியேட்டர் வைக்காவிட்டால் சூடான தண்ணீர் அடுத்ததற்குப் போகுமே அண்ணா?

எல்லாருக்கும் வருகிற சந்தேகம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடுகிறது, கார்டு 400 வாட் சூட்டைக் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 4,180 ஜூல் வேண்டும். வகுத்துப் பார்த்தால் கார்டைத் தாண்டும்போது தண்ணீர் ஏறுவது ஒன்றரை டிகிரிதான். அதே தண்ணீர் நிமிடத்துக்குப் பல தடவை சுற்றி வருவதால் லூப் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே சூடு. எந்த வரிசையில் குழாய் அழகாக, குட்டையாகப் போகிறதோ அப்படிப் போடுங்கள். ஒரே ஒரு விதி: டேங்கிலிருந்து தண்ணீர் நேராகப் பம்ப்புக்குள் இறங்க வேண்டும். பம்ப்பின் பேரிங்குக்குத் தண்ணீர்தான் எண்ணெய். வறண்டு ஓடினால் சில நிமிடத்திலேயே கெட்டுவிடலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, எங்கட கிணத்துத் தண்ணி கேத்திலில வெள்ளையாப் படியும். ஆர்ஓ தண்ணி விடலாமோ, இல்லாட்டி பற்றறித் தண்ணிதான் வேணுமோ?

சுண்ணாம்புக்கல் தரையின் தண்ணீர், கேத்திலில் செய்வதை பிளாக்கிலும் செய்யும். பிளாக்கின் உள்ளே செம்பில் சீவிய செதில்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது. அங்கே படிந்தால் கதை முடிந்தது.

ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும், வேண்டாம். வாலை வடித்த தண்ணீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர், நல்லது. பேட்டரித் தண்ணீர் என்று விற்பது பெரும்பாலும் உப்பு நீக்கிய தண்ணீர். அதுவும் சரி, ஆனால் கலங்கல் இல்லாத, மூடி சீல் உடையாத கேன் பாருங்கள். பேட்டரிக்கு ஊற்றுகிற அமிலக் கரைசலை யாராவது மாற்றிக் கொடுத்துவிடப் போகிறார்கள், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

வெறும் தண்ணீரோடு விடக் கூடாது. பாசி, பாக்டீரியா வளராமலிருக்க ஒரு மருந்தும், உலோகம் அரிக்காமலிருக்க ஒரு மருந்தும் சேர வேண்டும். இரண்டும் கலந்த கான்சென்ட்ரேட் சின்னப் பாட்டிலில் கிடைக்கும். கார் கூலண்ட் பற்றி நான்கு பேர் கேட்டிருந்தீர்கள். வேலை செய்யும். ஆனால் எத்திலீன் கிளைக்கால் விஷம், இனிப்பாகவும் இருக்கும். வீட்டில் குழந்தையோ நாயோ பூனையோ இருந்தால் திறந்த பாட்டிலை மறந்தும் வைக்காதீர்கள். நான் பயன்படுத்துவதில்லை.

பால் மாதிரி வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் படத்தில் பார்க்கிறோமே, அந்த ஒளி ஊடுருவாத கூலண்டில் மிதப்பது நுண்ணிய துகள்கள். கண்காட்சிக்கு ஒரு வாரம் ஓட்ட அருமை. தினமும் ஓடும் கம்ப்யூட்டரில் சில மாதங்களில் துகள் பிரிந்து அடியில் தங்கும். கலர் வேண்டுமானால் தெளிந்த கலர் போடுங்கள், அல்லது தண்ணீர் நிறமில்லாமல் இருக்க விளக்கை மாற்றுங்கள்.

மீன்தொட்டி பம்ப் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைப் போட்டால் என்ன?

சிரிக்காதீர்கள், இந்தப் பொழுதுபோக்கே அப்படித்தான் பிறந்தது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் கடையில் இதற்கென்று பெரிதாக எதுவும் கிடைக்காது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆட்கள் பழைய கார்களின் ஹீட்டர் கோரைக் (காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்) கழற்றி ரேடியேட்டராக்கி, மீன்தொட்டிப் பம்ப்பை வாளியில் போட்டு ஓட்டினார்கள். செம்புக் கட்டியைத் தாங்களே துளைத்து பிளாக் செய்தவர்களும் உண்டு. பெரிய கம்ப்யூட்டர்களில் தண்ணீர் அதற்கும் முன்பே வந்துவிட்டது. ஐபிஎம்மின் சிஸ்டம்/360 மாடல் 91 அறுபதுகளிலேயே தண்ணீரில் குளிர்ந்தது.

இன்றைக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் இரண்டு. அந்தப் பம்ப் 230 வோல்ட்டில் தனியாக ஓடுவது; கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுப் பம்ப்பை மறந்தால் பிராசஸர் நூறு டிகிரிக்குப் போய்த் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அடுத்து, அது மீன் வாழ்கிற சூட்டுக்குச் செய்தது. 45 டிகிரித் தண்ணீர் அதற்குப் பழக்கமில்லை.

ஆன்லைனில் 240 ரேடியேட்டர் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பாதி விலை என்றால் பெரும்பாலும் அது அலுமினியம். உங்கள் பிளாக் செம்பு. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நின்றால் அது ஒரு பேட்டரி. அலுமினியம் கரைந்துகொண்டே இருக்கும். நண்பர் ஒருவர் தெரியாமல் போட்டார். ஒன்பதாவது மாதம் சூடு ஏறுகிறது என்று கூப்பிட்டார். பிளாக்கைத் திறந்தால், செதில்களுக்கு நடுவே மாவு ஆட்டிய கல்லைக் கழுவாமல் விட்டது மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு பசை. பழைய பிரஷ்ஷால் தேய்த்தோம், பாதிதான் வந்தது.

கண்டுபிடிக்க: எடை பாருங்கள், செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். காந்தம் இரண்டிலும் ஒட்டாது, அதை நம்பாதீர்கள். தெரியாத ஒரு மூலையில் பெயின்ட்டைச் சுரண்டினால் செம்பின் சிவப்போ பித்தளையின் மஞ்சளோ தெரிய வேண்டும். வெள்ளையாக மின்னினால் திருப்பி அனுப்புங்கள்.

நல்ல செம்பு ரேடியேட்டரையும் கழுவாமல் போடக் கூடாது. உள்ளே ஈயம் பற்றவைக்கத் தடவிய ஃபிளக்ஸ் பசை மிச்சம் இருக்கும். சுடுதண்ணீர் பாதி நிரப்பி, இரண்டு வாயையும் மூடி, பத்து நிமிடம் குலுக்குங்கள். வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப. கடைசிக் கழுவல் டிஸ்டில்டு வாட்டரில். என் வீட்டில் இந்தச் சத்தத்தைக் கேட்டால் எல்லாரும் வேறு அறைக்குப் போய்விடுவார்கள்.

திருச்சியிலிருந்து: கண்ணாடி மாதிரிக் குழாயை வளைப்பது எப்படி? மூன்று குழாய் வீணாகிவிட்டது.

மூன்றுதானா? என் முதல் முயற்சியில் பன்னிரண்டில் ஏழு குப்பைக்குப் போனது.

குழாய்க்குள் சிலிகான் ரப்பர் கம்பி நுழைக்காமல் வளைத்தால் திரும்புகிற இடம் சப்பிவிடும். கம்பி மேல் பாத்திரம் கழுவும் லிக்விடை ஒரு சொட்டுத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். ஹீட் கன்னை (சூடான காற்று ஊதும் கருவி) ஆட்டாமல் பிடித்து, குழாயைத் தோசைக்கரண்டிக் காம்பு மாதிரி விரலால் உருட்டிக்கொண்டே இருங்கள். அவசரப்பட்டுக் கிட்டே கொண்டுபோனால் உள்ளே சின்னச் சின்னக் குமிழ் கிளம்பும்; கிளம்பினால் அந்த இடம் போச்சு. சரியான பதம் எது என்றால், இரண்டு முனையையும் பிடித்திருக்கும்போது நடுப்பகுதி தானாகத் தொய்ய ஆரம்பிக்கும். அப்போது கன்னை அணைத்துவிட்டு மெதுவாக வளைத்து, ஒரு நிமிடம் அசையாமல் பிடியுங்கள். நீங்கள் வளைத்தது பெட்ஜி என்ற பிளாஸ்டிக் குழாய் என்றால் சீக்கிரம் இளகும். அக்ரிலிக் இன்னும் கொஞ்சம் சூடு கேட்கும், ஆனால் வெந்நீரை நன்றாகத் தாங்கும்.

அறுத்த முனையை அரத்தால் சாய்வாகத் தேய்க்காமல் ஃபிட்டிங்கில் (குழாயை மாட்டும் மூட்டு) சொருகினீர்களோ, கூர்விளிம்பு அதற்குள் கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைச் சீவிவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்துச் சொட்டும்.

முதல் லூப் என்றால் ரப்பர் மாதிரி வளையும் குழாயே போதும். கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் எடுங்கள். மலிவான கண்ணாடி நிற பிளாஸ்டிக் குழாய் நாளாக நாளாக மங்கி, அதிலிருந்து ஊறும் பசை பிளாக்கை அடைக்கும்.

பழைய கேபினெட்டின் மேல் தகட்டில் ஃபேனுக்கு ஓட்டை போட வேண்டும். கிரைண்டர் போதுமா?

ஜிக்சா ரம்பம் இருந்தால் அதுதான் சுலபம். முதலில் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும், எஸ்எம்பிஎஸ் (கரண்ட் தரும் பெட்டி) உட்பட, கழற்றி வேறு அறையில் வையுங்கள். இரும்புத் துகள் ஒன்று மதர்போர்டில் தங்கினால் போதும். தகடு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் பென்சிலால் வரையுங்கள், பெயின்ட் உரியாது. 120 ஃபேனின் திருகுத் துளைகள் 105 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும், 140 ஃபேனுக்கு 124.5. ரேடியேட்டரில் அடுத்தடுத்த ஃபேன்களுக்கு நடுவே உள்ள தூரம் மாடலுக்கு மாடல் மாறும், அளந்து பார்க்காமல் துளைக்காதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அறுத்த விளிம்பை அரத்தால் தேய்த்து ரப்பர் பீடிங் சொருகினால் கையும் தப்பும், பார்க்கவும் கடைப் பொருள் மாதிரி இருக்கும்.

தண்ணீர் ஊற்றும்போது பயமாக இருக்கிறது. லீக் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் காற்று. அழுத்தம் காட்டும் கேஜ் வைத்த கைப்பம்ப் ஒன்று வாங்குங்கள், இந்த வேலையில் மிக உருப்படியான செலவு அதுதான். காற்றை அரை பார் அழுத்தத்துக்கு ஏற்றி இருபது நிமிடம் விடுங்கள். முள் அசையக் கூடாது. என் மூன்றாவது மெஷினில் முள் பத்து நிமிடத்தில் 0.3-க்கு இறங்கியது. ஒரு மணி நேரம் ஒவ்வொரு மூட்டாக இறுக்கினேன், நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால், ரேடியேட்டருக்குள் மாட்டிய ஒரு ஃபிட்டிங்கில் ஓ-ரிங்கே இல்லை. அது மேசைக்கு அடியில் உருண்டு கிடந்தது. தண்ணீராக இருந்திருந்தால் நேரே கார்டின் மேல்.

காற்று நின்றதும் தண்ணீர். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பம்ப்புக்கு மட்டும் கரண்ட். மதர்போர்டு, கார்டு எதற்கும் வயர் மாட்டாதீர்கள். 24 பின் வாயில் சொருகுகிற ஜம்பர் பிளக் கிடைக்கும், போர்டு இல்லாமலே எஸ்எம்பிஎஸ் ஓடும். டேங்கை நிரப்பி, இரண்டு மூன்று விநாடி ஓட்டி, நிறுத்தி, மறுபடி நிரப்பி என்று போங்கள். கேபினெட்டை முன்னும் பின்னும் சாய்த்தால் ரேடியேட்டரில் மாட்டிய காற்று குளுகுளுவென்று வெளியே வரும். ஒவ்வொரு மூட்டின் கீழும் டிஷ்யூ வைத்து ஒரு நாள் முழுக்க ஓட விடுங்கள்.

போர்டில் கொட்டிவிட்டால் பதறாமல் பிளக்கைப் பிடுங்குங்கள். கரண்ட் இல்லாதபோது நனைந்த போர்டு பெரும்பாலும் பிழைக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். அந்த ஆல்கஹால் அக்ரிலிக் டேங்கிலோ குழாயிலோ படக் கூடாது, மயிரிழை விரிசல் விடும்.

வருடத்துக்கு எத்தனை தடவை தண்ணீர் மாற்ற வேண்டும்?

ஒரு தடவை. தூசியை மட்டும் மாதாமாதம் ஊதுங்கள்.

மதுரையிலிருந்து: சார், மொத்தம் எவ்வளவு செலவாகும்? கடையில் விற்கும் ரெடிமேட் ஏஐஓ (பம்ப், ரேடியேட்டர் எல்லாம் பூட்டியே வரும் வாட்டர் கூலர்) போதாதா?

போதும். பிராசஸருக்கு மட்டும் என்றால் நல்ல ஏஐஓவோ, பெரிய காற்றுக் கூலரோகூட வேலையை முடித்துவிடும். என் கடைசி லூப்புக்கு, கம்ப்யூட்டர் பாகங்கள் தவிர, ஃபேனோடு சேர்த்து 60,000 ரூபாய் தாண்டியது. அதில் ஃபிட்டிங்குகள் மட்டுமே ஐந்தில் ஒரு பங்கு. யாரும் கணக்கில் எடுக்காத செலவு. அந்தப் பணத்துக்கு ஒரு படி மேலான கார்டு வாங்கினால் கேமில் வேகம் நிஜமாகவே கூடும். இதைத் தெரிந்துகொண்டும் ஆசை போகவில்லை என்றால் வாருங்கள். கார்டுக்கு பிளாக் வாங்கும் முன் அந்தக் கார்டின் போர்டு எந்த மாடல் என்று சரியாகப் பாருங்கள். ஒரே சிப் என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி போர்டு வேறு, பிளாக் பொருந்தாது.

என் மகளுக்கு 12 வயது. அவளும் சேர்ந்து செய்ய ஆசைப்படுகிறாள். எந்த வேலை கொடுக்கலாம்?

ஹீட் கன்னும் ஜிக்சாவும் உங்கள் கையில் இருக்கட்டும். குழாய் எந்த வழியாகப் போகும் என்று வரைவதை அவளிடம் விடுங்கள். பழைய டெலிபோன் வயரைக் குழாய்க்குப் பதில் வளைத்துப் பார்த்தால் நீளமும் திருப்பமும் தெரிந்துவிடும். ரேடியேட்டர் குலுக்குவதற்கும் ஆள் கிடைத்தாயிற்று. லீக் பார்க்கும் நாளில் டார்ச்சை அவளிடமே கொடுங்கள். குனிந்து கேபினெட்டுக்குள் தலையை விட்டு அடியில் இருக்கும் டிஷ்யூவைப் பார்க்க, நம்மைவிட அந்த வயதுக்கு முதுகு நன்றாக வளையும்.