ஆப்ஷனல்னா விட்டுடலாம்னு மட்டும் அர்த்தம் இல்லைங்க

"ஆப்ஷனல்னா இஷ்டம் இருந்தா செய், இல்லாட்டி விடுனுதானே அர்த்தம், அப்புறம் ஐஏஎஸ் மாதிரி வேலைக்கு எழுதுற யூபிஎஸ்சி பரீட்சைல ஆப்ஷனல் பேப்பரை ஏன் எல்லாரும் எழுதுறாங்க"னு கேட்டிருக்கீங்க. இப்பதான் படிக்க ஆரம்பிச்சிருக்கீங்கனு நினைக்கிறேன். இதே கேள்விய எங்கம்மா கேட்டாங்க, அதான் பதில் எழுத உக்காந்தேன்.

எனக்குத் தமிழ் இலக்கியம்தான் ஆப்ஷனல். ராத்திரி பதினோரு மணிக்கு கம்பராமாயணத்துக் கும்பகருணன் வதைப் படலத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், அம்மா பக்கத்துல காலைக் கடைக்கு மல்லி கட்டிக்கிட்டு இருப்பாங்க, ஒருநாள் நார கீழ வச்சிட்டு "அது ஆப்ஷனல்தானேப்பா, அத விட்டுட்டு மத்தத படியேன், கண்ணெல்லாம் செவந்து கெடக்கு"ன்னாங்க. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பிரவுசிங் சென்டர்ல தங்கச்சிக்கு ஸ்காலர்ஷிப் ஃபார்ம் போட்டப்ப அங்க இருந்த பையன் "இது ஆப்ஷனல்மா, விட்டுடலாம்"னு ரெண்டு கட்டத்த காலியா விட்டிருக்கான், அதுல கத்துக்கிட்ட வார்த்தை.

அந்தப் பையன் சொன்னது தப்பே இல்ல. ஃபார்ம்ல ஆப்ஷனல்னா கட்டாயமில்ல. ஆனா யூபிஎஸ்சில முதல் கட்டம் தாண்டினவங்க எழுதுற மெயின்ஸ்ல ஆப்ஷனல் ரெண்டு பேப்பர், தலா 250, மொத்தம் எழுத்துத் தேர்வு 1750-ல 500 மார்க்கு அதுக்குத்தான். எழுதியே ஆகணும், எந்தப் பாடம்ங்கறதுதான் நம்ம இஷ்டம். அந்தப் பேப்பருக்குள்ளயும் எட்டு கேள்வியில ஒண்ணாவதும் அஞ்சாவதும் கட்டாயம். அம்மாகிட்ட "தீபாவளிக்குப் புடவை எடுத்தே ஆகணும், என்ன கலருங்கறது உன் இஷ்டம், அது மாதிரி"ன்னேன். "அப்ப விருப்பப் பாடம்னு சொல்ல வேண்டியதுதானே"ன்னாங்க. தமிழ்ல நாம 'விருப்பப் பாடம்', 'கட்டாயமில்லை'னு ரெண்டா பிரிச்சு சொல்றத இங்கிலீஷ்ல ஒரே வார்த்தையில அடக்கிடறாங்க, குழப்பமே அங்கதான்.

டிக்‌ஷனரிய காட்டி யாரும் சண்டைக்கு வராதீங்க, நான் இங்கிலீஷ் வாத்தியார் இல்ல. பாஸ் ஆகாதவன் பேசலாமானும் சிலர் கேப்பீங்க, ரெண்டு தடவ மெயின்ஸ் எழுதிருக்கேன், அந்த 500 மார்க்கோட கனம் எனக்குத் தெரியும்.

ஆனா எனக்கு வயித்தெரிச்சல் இதுல இல்ல. அக்கா பையன் படிக்கிற பிரைவேட் ஸ்கூல்ல கராத்தே ஆப்ஷனல்னு சர்க்குலர் வந்துச்சு, ஃபீஸ் 1800 ரூபா. அக்கா கட்டல. அந்தப் பீரியட் வந்தா பணம் கட்டாத பசங்க நாலு பேரும் கிளாஸ்லயே உக்காந்திருக்கணும், மத்த எல்லாரும் வெள்ளை டிரஸ் மாட்டிக்கிட்டு கிரவுண்டுக்கு ஓடுவாங்க. இவன் வீட்டுக்கு வந்து யார்கிட்டயும் பேசாம கவுந்து படுத்துக்குவான். எட்டு வயசுப் புள்ளய இப்படி உக்கார வச்சிட்டு எந்த வாயால ஆப்ஷனல்னு எழுதுறாங்க? மூணாவது மாசம் அக்கா காதுத் தோட்ட அடகு வச்சு கட்டிட்டா.