அரை மணியில் கறுக்கும் மருதாணி வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது நிறைகிறது. பிறந்தநாளுக்கு வரும் குழந்தைகளுக்கு மருதாணி வைத்து, முகத்தில் வண்ணத்துப்பூச்சி, புலி என்று வரைந்துவிடலாம் என்று இருக்கிறோம். மருதாணி போட வருபவர், "கறுப்பு மருதாணி கொண்டு வருகிறேன், அரை மணியில் பிடித்துவிடும்" என்கிறார். முகத்துக்கு வீட்டில் இருக்கும் அக்ரிலிக் பெயின்ட் போதும், டப்பாவில் 'நச்சற்றது' என்று போட்டிருக்கிறதே என்கிறார் என் நாத்தனார். இரண்டு வருடம் முன்பு நான் கறுப்பு கோன் போட்டுக்கொண்டபோது, கோடு போட்ட இடமெல்லாம் தடித்து அரித்து, தானாகவே அடங்கியது. அதனால்தான் தயங்குகிறேன். வீணாகப் பயப்படுகிறேனா?
- பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: வீண் பயமே இல்லை. கறுப்பு மருதாணி வேண்டாம் என்று அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

மருதாணி இலையில் லாசோன் என்ற நிறமி இருக்கிறது. அது தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு மெதுவாகத்தான் ஒட்டும். அதனால் விழுதைச் சில மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். உதிர்த்ததும் தெரிவது ஆரஞ்சு நிறம். அது செம்பழுப்பாக ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும். உள்ளங்கையில் தோல் தடிமன் என்பதால் அழுத்தமாகப் பிடிக்கும், புறங்கையிலும் முழங்கையிலும் வெளிறித்தான் இருக்கும். மருதாணி இலை மட்டும் இருந்தால் அரை மணியில் கருகருவென்று நிறம் வராது. வந்தால் அதில் வேறு எதையோ கலந்திருக்கிறார்கள்.

அப்படிக் கலப்பது பெரும்பாலும் பிபிடி, அதாவது பாரா ஃபினைலின் டயமின். தலைமுடி டைகளில் இருக்கும் ரசாயனம் இது. ஐரோப்பிய ஒன்றியத்தில் முடி டையிலேயே, தலையில் பூசும் நிலையில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. தோலில் தீட்ட அனுமதியே கிடையாது. அமெரிக்காவில் கலப்பில்லாத மருதாணிக்குக்கூட முடிச்சாயமாக மட்டும்தான் அனுமதி. இந்தக் கோன்களிலோ எவ்வளவு சேர்க்கிறார்கள் என்று அளந்து பார்க்க ஆளில்லை.

ஒவ்வாமை வந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பூவும் கொடியும் வரைந்த அதே வடிவத்தில் தோல் சிவந்து புடைக்கும். சிலருக்கு நீர்க்கொப்புளம் கட்டி, ஆறிய பிறகும் அந்த வடிவம் வெளிறிய தழும்பாகவோ கருந்தடமாகவோ மாதக்கணக்கில் நிற்கும். முதல் தடவை போடுபவர்களுக்கு இது தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். அதற்குள் எதனால் வந்தது என்பதே பெற்றோருக்கு மறந்துபோயிருக்கும். கொப்புளத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு: ஒருமுறை உடம்பு பிபிடியை எதிரியாகப் பதிந்துகொண்டால் ஆயுசுக்கும் மறக்காது. ஏழு வயதில் ஒரு மாலை நேர அலங்காரத்துக்காக அதைச் சுமக்க வைக்க வேண்டாம்.

"கொஞ்சம் தொட்டுவைத்துப் பார்க்கலாமே" என்று அவர் சொன்னால் அதற்கும் சம்மதிக்காதீர்கள். கறுப்பு கோனில் அந்தச் சோதனையே ஒவ்வாமையைத் தொடங்கி வைக்கலாம்.

நல்ல மருதாணி வேண்டுமென்றால் இலையை அரையுங்கள், அல்லது மருதாணி மட்டுமே உள்ள பொடியை வாங்கி வீட்டில் குழையுங்கள். தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ, கொஞ்சம் சர்க்கரையும் போதும். குழைத்த விழுது வெளியில் இருந்தால் சில நாளிலேயே வீரியம் இழந்துவிடும். மாதக்கணக்கில் கடை அலமாரியில் இருந்தும் நிறம் குறையாத கோன் என்றால், அதில் என்ன இருக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும். மண்ணெண்ணெய் வாடையோ டை வாடையோ அடித்தால் தொடவே வேண்டாம். இன்னொன்று, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குச் சுத்தமான மருதாணியும் ஆகாது, ரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். விருந்தாளிக் குழந்தைகளின் பெற்றோரிடம் இதைக் கேட்காமல் வைக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், விழா நாளில் மருதாணியே வேண்டாம். ஓடியாடும் குழந்தைகள் கையை நீட்டியபடி மணிக்கணக்கில் உட்கார மாட்டார்கள். முந்தைய நாளோ அதற்கும் முந்தைய நாளோ உங்கள் மகளுக்கு மட்டும் வைத்துவிடுங்கள், விழாவன்று நிறமும் ஏறியிருக்கும். மற்றவர்களுக்கு முக ஓவியம் போதும்.

ஆனால் அதற்கு அக்ரிலிக் கூடாது. டப்பாவில் உள்ள 'நச்சற்றது' காகிதத்திலும் பலகையிலும் வரைபவர்களை மனதில் வைத்துப் போட்டது. தோலுக்கு ஒத்துக்கொள்ளும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம் ஆகிவிடும். கன்னத்திலிருந்து உரிக்கும்போது பூனைமுடியும் சேர்ந்து வரும், தோலும் புண்ணாகும். முகத்துக்கென்றே தயாரித்த, தண்ணீரில் கரையும் வண்ணமாக, உட்பொருள் பட்டியல் அச்சிட்டதாக வாங்குங்கள். மினுக்குத்தூளும் அப்படித்தான். கைவினைக்கு விற்கும் தூளின் ஓரம் கூரானது, கண்ணுக்குள் போனால் கண்ணின் முன்பக்கம் உள்ள கருவிழிப் படலத்தைக் கீறிவிடும். அழகுசாதனத்துக்கான தூளாக இருந்தாலும் கண்ணை விட்டுத் தள்ளியே போடச் சொல்லுங்கள். முந்தைய நாள் ஒவ்வொரு நிறத்திலும் துளி எடுத்து மகளின் முழங்கை மடிப்பில் வைத்துப் பாருங்கள்.

பலரும் கவனிக்காத விஷயம் ஸ்பாஞ்ச். ஒரே ஸ்பாஞ்சால் வரிசையாகப் பத்து முகங்களைத் துடைத்தால் ஒரு குழந்தையின் கண்வலி மற்ற குழந்தைகளுக்கும் போகும். ஆளுக்கு ஒன்று வெட்டி வையுங்கள். பிரஷ் கழுவும் தண்ணீரையும் அடிக்கடி மாற்றச் சொல்லுங்கள். உதட்டில் கொப்புளம், முகத்தில் புண், கண் சிவப்பு இருக்கும் குழந்தைக்கு முகத்தில் வேண்டாம். தனிப் பிரஷால் கையில் ஒரு பூ வரைந்தால் அதுவும் சந்தோஷம்தான். தூங்கும் முன் மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவினால் போய்விடும். போகாத நிறத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள்.

அப்புறம் உங்கள் விஷயம். தானாக அடங்கியது என்று விட்டுவிடாதீர்கள். அந்த அரிப்பு பிபிடி ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (தோலில் பட்டை ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை) செய்துகொள்ளும் வரை தலைக்கு டை போடாதீர்கள். 'ஹெர்பல்', 'அமோனியா இல்லாதது' என்று எழுதிய டையிலும் பிபிடி இருக்கலாம். முடியைக் கறுப்பாக்கும் மருதாணிப் பொடிகள் பலவற்றிலும் அதுதான் இருக்கிறது. அடுத்த தடவை முகமும் இமையும் வீங்கும் அளவுக்குப் போகலாம். மூச்சுத் திணறல் வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இந்த ஒவ்வாமை உள்ள சிலருக்கு பென்சோகெய்ன் கலந்த மரப்புக் களிம்புகளும் ஒத்துக்கொள்வதில்லை, அதனால் பல் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இரண்டு வருடம் முன்பு தடித்தபோது கையைப் படம் எடுத்திருந்தால் அதைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள், தோல் மருத்துவருக்கு உதவும்.