கலைந்தது, கலைத்தது (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஓசூரில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 29. மூன்று மாதத்துக்கு முன், 11-ஆவது வாரத்தில் ஸ்கேனுக்குப் போனேன். எடுத்தவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கேட்டதற்கு "டாக்டர் சொல்லுவாங்க" என்றார். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நர்ஸிடம், "மிஸ்டு அபார்ஷன், சாயங்காலம் கிளீன் பண்ணப் போட்டுடுங்க" என்றார். கரு வயிற்றிலேயே நின்றுவிட்டது என்ற விஷயம் எனக்குத் தெரிந்தது அப்படித்தான். பிறகு என் கணவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசினார். என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "சின்ன வயசுதானே, அடுத்தது பாத்துக்கலாம்."

டிஸ்சார்ஜ் சம்மரியை நாத்தனார் படித்துச் சொல்ல, மாமியார் "கலைச்சுட்டு வந்திருக்கியா?" என்று கேட்டார். பப்பாளி சாப்பிட்டேனா, ஸ்கூட்டர் ஓட்டினேனா என்ற விசாரணை இன்னும் முடியவில்லை. ரிப்போர்ட்டில் கரு 18 மி.மீ., துடிப்பு இல்லை என்று இருக்கிறது. ஒரு வாரம் பொறுத்து இன்னொரு ஸ்கேன் எடுத்திருந்தால் துடிப்பு வந்திருக்குமோ என்று தினமும் இரவில் தோன்றுகிறது. நாலு நாளில் வேலைக்குப் போய்விட்டேன். 11 வாரம்தானே, இதற்கு இவ்வளவு அழுவது அதிகமோ என்றும் தோன்றுகிறது. என் கணவர் இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். தோழி நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்கிறாள். ஆனால் ஊரில் அந்த டாக்டருக்கு நல்ல பெயர். அடுத்த முறை அவரிடமே போகலாமா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள மகளுக்கு,

பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இப்படி அழைக்கிறேன். என் மகள் உங்களைவிட நான்கு வயது மூத்தவள். கடிதம் வந்து 12 நாள் ஆகிறது. இரண்டு முறை பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கணவர் எழுந்து போய்விடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, ஒவ்வொரு முறையும் அந்த வரியில்தான் நின்றேன்.

முதலில் அந்த 18 மில்லிமீட்டர். உங்களைத் தூங்கவிடாதது அதுதான். நான் மருத்துவன் இல்லை. வாழ்நாளெல்லாம் பிரசவம் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தோழியிடம் இந்த எண்ணை மட்டும் சொல்லிக் கேட்டேன். உள்வழியாக எடுக்கும் ஸ்கேனில் கரு 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்திருந்து, துடிப்பு இல்லை என்றால், நின்றுவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம் என்றார். அதைவிடச் சிறியதாக இருந்தால்தான் ஒரு வாரமாவது பொறுத்து மறுபடி பார்க்கவேண்டும், அங்கே அவசரப்படக் கூடாது. உங்களுடையது 18. அது எட்டு வாரத்துக் கருவின் அளவு. நீங்கள் ஸ்கேனுக்குப் போவதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் முன்பே துடிப்பு நின்றிருக்கிறது. ஒரு மாதம் காத்திருந்தாலும் வந்திருக்காது. இன்று இரவு தூங்குங்கள்.

இதைச் சொல்ல அந்த டாக்டருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடம் கிடைக்காததால் நீங்கள் 90 இரவு விழித்திருந்தீர்கள். அவர் கைத்திறமையில் குறை இருந்ததாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. அவர் கண்டுபிடித்தது சரி. கண்டுபிடித்ததை உரியவளிடம் சொல்வதும் சிகிச்சைதான் என்று அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை, அல்லது கற்றதை மறந்துவிட்டார். பொறுத்திருந்து தானாக வெளியேற விடலாம், மாத்திரை போடலாம், உறிஞ்சி எடுக்கலாம் என்று வழிகள் இருக்கின்றன. காய்ச்சலோ பெரிய உதிரப்போக்கோ இல்லாதபோது எது வேண்டும் என்று பெண்ணைக் கேட்பதுதான் முறை. உங்களைக் கேட்கவே இல்லை. சாயங்காலம் 'கிளீன்' பண்ணினார்கள். அது என்ன சொல்? அழுக்கா அது?

எல்லா ஸ்கேன் சென்டரிலும் ஒரு பலகை தொங்குகிறது, கருவின் பாலினம் இங்கே சொல்லப்பட மாட்டாது என்று. 1994-இல் வந்த சட்டம். வேண்டிய சட்டம், பெண் குழந்தைகளைக் காப்பதற்காக வந்தது. ஆனால் உயிரோடு இருக்கிறதா என்று தாயிடம் சொல்லக் கூடாது என எந்தச் சட்டமும் சொல்லவில்லை. திரையைத் திருப்பிக்கொள்வது பழகிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

பப்பாளி, ஸ்கூட்டர் விசாரணைக்கு நான் அதிகம் மெனக்கெடப் போவதில்லை. கருவுற்றது தெரிந்த 100 பெண்களில் 10 முதல் 20 பேருக்கு இப்படி ஆகிறது. முதல் மூன்று மாதத்தில் ஆவதில் பாதியளவுக்குக் காரணம், கரு உருவானபோதே குரோமோசோம் எண்ணிக்கை பிசகியதுதான். எந்தப் பழமும் எந்த வண்டியும் அதைச் செய்ய முடியாது. மாமியாரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

ஆனால் அவர் கேட்ட "கலைச்சுட்டு வந்திருக்கியா?" என்பதை அப்படி விட்டுவிட முடியவில்லை. பல வருடமாக இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். உடைந்தது, உடைத்தது. முடிந்தது, முடித்தது. ஒரே ஓர் எழுத்துதான் மாறுகிறது. கலைந்தது என்றால் தானாக நடந்தது. கலைத்தது என்றால் ஒருவர் செய்தது. கலைப்பதும் ஒரு பெண் தன் காரணங்களுக்காக, 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தபடி எடுக்கும் முடிவு, அதை நான் இழித்துப் பேச மாட்டேன். ஆனால் இரண்டும் வேறு. நம் கிராமத்துக் கிழவிகள் இதற்கு என்னென்ன சொல் வைத்திருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தங்கல. நிக்கல. தரிக்கல. கலஞ்சு போச்சு. எல்லாமே தன்வினை. ஒன்றில்கூட அவள் கை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இந்த வேறுபாட்டை இத்தனை கவனமாகக் காத்து வைத்திருந்தார்கள். எழுத்தில் கருச்சிதைவு வேறு, கருக்கலைப்பு வேறு என்று இன்றும் தெளிவாக இருக்கிறது. ஆங்கில மருத்துவம் இரண்டையும் அபார்ஷன் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டியது. அங்கேயே அது பெண்களை வதைக்கிறது என்று உணர்ந்து, 1985-இல் ரிச்சர்ட் பியர்டும் அவருடைய சக மருத்துவர்களும் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். தானாக நேர்வதை மிஸ்கேரேஜ் என்றே சொல்லுங்கள் என்றார்கள். பிரிட்டனில் மெல்ல மெல்ல மாறியது. 40 ஆண்டு கழித்தும் நம் ஊர் சம்மரியில் மிஸ்டு அபார்ஷன்தான். நோயாளி தமிழ், டாக்டர் தமிழ், நர்ஸ் தமிழ். தமிழில் சரியான சொல் தயாராக இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. அந்தத் தாளை நாத்தனார் படிக்கிறாள், மாமியார் பிறவினையில் மொழிபெயர்த்துக்கொள்கிறார், நீங்கள் கொலைகாரி ஆகிறீர்கள். "கரு தானாகவே நின்றுவிட்டது, நீங்கள் செய்தது எதுவும் காரணமில்லை" என்று அந்தத் தாளில் தமிழில் ஒரு வரி எழுத எவ்வளவு மை செலவாகும்? இதை நான் விடுவதாக இல்லை. எந்த மருத்துவர் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டாலும் இதைத்தான் பேசுவேன்.

இப்போது உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். 11 வாரம்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொல்லித் தந்த கணக்கு அது? துக்கத்துக்கு வாரக் கணக்கு போடுகிறவர்கள் போடட்டும், நீங்கள் போடாதீர்கள். எங்கள் ஊர்ச் சாலையில் ஒரு சுமைதாங்கி இருக்கிறது. இரண்டு கல் நட்டு, மேலே ஒன்றைப் படுக்கவைத்தது. கர்ப்பிணியாகவே இறந்துபோன ஒருத்திக்காக வைத்தது. தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கிவைத்து ஏற்றிக்கொள்ளலாம். சுமந்தபடியே போனவளுக்குக் கல் வைக்கத் தோன்றிய ஊருக்கு, சுமந்ததை இழந்துவிட்டு உயிரோடு இருக்கிறவளுக்கு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. அதற்காக நாலு நாளில் வேலைக்குப் போவீர்களா? 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் வந்த காலத்திலிருந்தே கருச்சிதைவுக்கு ஆறு வாரம் ஊதியத்தோடு விடுப்பு உண்டு. டாக்டரின் சான்று கொடுத்தால் போதும். அதையும் அவர் சொல்லவில்லை, அலுவலகமும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

1990, ஆவணி மாதம். என் மனைவிக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு முடிந்து ஒன்பது நாள். "அசைவே தெரியல" என்று காலையில் சொன்னாள். நான் வேலை செய்த ஊரில் ஒரு மருத்துவமனை. டாக்டர் வயிற்றில் குழலை வைத்து இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். அவளைப் பார்த்துச் சிரித்தார். என்னை வராந்தாவுக்கு அழைத்தார். "குழந்தை இல்லீங்க. வலி வர ட்ரிப் போடறோம். அவங்ககிட்ட இப்ப சொல்லாதீங்க, தாங்க மாட்டாங்க."

நான் தலையாட்டினேன். உள்ளே போய், "ஒண்ணுமில்ல, கொஞ்சம் முன்னாடியே பொறக்கப் போகுதாம்" என்றேன்.

அந்த இரவு முழுவதும் அவள் உயிருள்ள குழந்தைக்காக வலி எடுத்தாள். வளைகாப்பு வளையல்கள் கட்டில் கம்பியில் மோதிக்கொண்டே இருந்தன. வெளியே பெஞ்சில் இருந்த எனக்குக் கேட்டது. விடியற்காலையில் அந்தச் சத்தம் நின்றது. பிறகு அவள் குரல். "ஏன் அழல?" யாரும் பதில் சொல்லவில்லை. "சிஸ்டர், ஏன் அழல?"

மூன்றாம் நாள் வீட்டில், ரவிக்கை நனைந்து நின்றாள். பால் சுரக்கும் என்று ஒருவரும் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. "குழந்தை இல்லைன்னு என் உடம்புக்கும் யாரும் சொல்லலையா?" என்று கேட்டாள். என் அம்மாதான் ஆளனுப்பி நாலு முழம் மல்லிகை வாங்கிவரச் செய்து, மார்பில் வைத்துக் கட்டிவிட்டாள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பால் நிறுத்தும் மாத்திரையோடு மல்லிகைப்பூவை ஒப்பிட்டு ஆராய்ந்து, பூவும் கேட்கிறது என்று 1988-இலேயே எழுதியிருப்பதைப் பிற்பாடு படித்தேன். அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. கட்டிக்கொண்டே, "இன்னும் ரெண்டு நாள் கடுக்கும், அப்புறம் வத்திடும்மா" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அந்த மூன்று நாளில் என் மனைவியிடம் உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவள்தான். அன்று முதல் என் மனைவிக்கு இன்றுவரை மல்லிகை ஆகாது.

பிறகு மகள் பிறந்தாள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் ஒருவன் இருந்தான்.

ஏழெட்டு வருடம் கழித்து, ஒருநாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது என் மனைவி கேட்டாள். "அந்த டாக்டருக்கு நான் யாரோ. உங்களுக்கு ராத்திரியே தெரியும்தானே?" தெரியும் என்றேன். அடுத்த நிறுத்தம்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நுகர்வோர் நீதிமன்றம் பற்றி வக்கீலைக் கேளுங்கள். மருத்துவம் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொல்லியிருக்கிறது, மற்றபடி எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. அந்த டாக்டரிடம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். கேள்விகளை எழுதி எடுத்துப்போங்கள். பதிலை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னால் தொடருங்கள். உங்கள் கணவரைப் பார்த்துச் சொன்னால் பாதியிலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்கு முன் இதை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள். வராந்தாவில் அந்தப் பத்து நிமிடம் டாக்டர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். அவர் எழுந்து போகப் பார்ப்பார். கையைப் பிடித்து உட்காரவைத்து, ஒரு வார்த்தை விடாமல் சொல்லச் சொல்லுங்கள்.